இருபத்தோராவது சோடி

மன்னார் ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்த மறுநாள் காலையில், குழந்தை வைத்தியர் அவளுடைய வலது கையை மெல்ல விரித்து எனக்குக் காட்டினார். உள்ளங்கையில் குறுக்காக ஒரே ஒரு ரேகை. பிறகு கண்களின் ஓரத்தைக் காட்டினார். கழுத்தின் பின்புறத்தைக் காட்டினார். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் காட்டினார். ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் விளங்காதவள் மாதிரி இருந்தேன்.

"ரீச்சர் உயிரியல்தானே படிப்பிக்கிறனீங்கள்? உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை" என்றார்.

அவர் மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னார். எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. விடை தெரியாமல் எழும்பி நிற்கிற பிள்ளைகளை வகுப்பில் நான் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. "வாயில என்ன கொழுக்கட்டையோ?" என்று கேட்பேன். அன்றைக்குக் கொழுக்கட்டை என் வாயில் இருந்தது.

பல வருடமாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். பாதிக் காலம் மரத்தடியில், மீதிக் காலம் தறப்பாளுக்குக் கீழே. நுணுக்குக்காட்டியை இடம்பெயர்ந்த வழியில் எங்கேயோ விட்டுவிட்டு வந்தோம். அதன் பிறகு கலப்பிரிவைக் காட்ட என்னிடம் இருந்தவை பிள்ளைகளின் செருப்புகள் மட்டும்தான். எல்லாரையும் செருப்பைக் கழற்றி நடுவில் குவிக்கச் சொல்வேன். "இதுதான் கலம். கலத்துக்குள்ள கிடக்கிற நிறமூர்த்தங்கள், குரோமோசோம் எண்டுறது, அதுதான் இந்தச் செருப்புகள். அளவைப் பாத்து, வடிவத்தைப் பாத்துச் சோடி சேருங்கோ" என்பேன்.

மனிதருக்கு இருபத்துமூன்று சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. உடம்பு வளருகிறபோது கலம் முதலில் ஒவ்வொரு நிறமூர்த்தத்தையும் அச்சொட்டாக இன்னொன்றாகப் படியெடுத்துக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் நடுவில் வரிசையாக நிறுத்தும். இரண்டு பக்கத்திலிருந்தும் நூல் போன்ற நார்கள் வந்து பிடித்து, ஒரு படியை இந்தப் பக்கமும் மறு படியை அந்தப் பக்கமும் இழுக்கும். ஒரு கலம் இரண்டாகும், இரண்டிலும் நாற்பத்தாறு நாற்பத்தாறாகவே இருக்கும். முட்டையும் விந்தும் உண்டாகும்போது மட்டும் வேறு வழக்கம். அங்கே சோடிகளே பிரிய வேண்டும், ஒவ்வொன்றிலும் பாதிதான் போக வேண்டும். மற்றப் பாதியை மற்ற ஆள் கொண்டுவருவார்.

"சோடி பிரியாட்டில், ரீச்சர்?" என்று வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்.

"இருபத்தோராவது சோடி பிரியாட்டில் பிள்ளைக்கு அதில மூண்டாகிவிடும். டவுன் சிண்ட்ரோம். நாலு புள்ளிக் கேள்வி. எழுதிப்போட்டு அடுத்ததுக்குப் போங்கோ."

அந்த நாலு புள்ளி இப்போது வெள்ளைத் துவாயில் சுற்றி என் மடியில் கிடந்தது. பிழை ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கும். ஒரு முட்டைக் கலத்தில், ஒரு சோடி, பிரியவேண்டிய நேரத்தில் பிரியவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்கு. கலம் படியெடுத்தது, வரிசையில் நிறுத்தியது, சமமாக இழுத்தது. நாற்பத்தேழை நாற்பத்தேழாகவே, எண்ண முடியாத தடவைகள், பிசகில்லாமல் பிரித்துக் கொடுத்தது. மகளுடைய இமையிலும் நகக்கண்ணிலும் அந்த மூன்றாவது ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்கை நினைக்கத்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு கவனமாக வேலை செய்யத் தெரிந்த உடம்பு அந்த ஒரு தடவை என்ன பார்த்துக்கொண்டிருந்தது?

அதைவிடப் பெரிய வெட்கம் ஊரில் எனக்காகக் காத்திருந்தது.

எங்கள் ஊர் மன்னார்ப் பெருநிலத்தின் கரையில் உள்ள சின்னக் கத்தோலிக்க ஊர், கடல்தான் தொழில். போரின் கடைசியில் ஊரோடு இடம்பெயர்ந்து, கடைசியில் ஊரோடு முகாமில் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு நாள் செபமாலை முடிந்ததும் எங்கள் சம்மாட்டியார் முழங்காலில் நின்றபடி, காட்டுக்குள் கோவில் கொண்ட மடு மாதாவுக்குச் சத்தமாக நேர்ந்தார். ஊரில் கரைவலையும் வள்ளங்களும் வைத்திருந்து, எல்லாம் போன பிறகும் எல்லாருக்கும் சம்மாட்டியாராகவே இருந்தவர் அவர்.

"மடு மாதாவே, எங்களைத் திருப்பி எங்கட ஊருக்கு அனுப்பு. திரும்பினாப் பிறகு எங்கட மண்ணில பிறக்கிற முதல் பிள்ளையை ஊராய்ச் சேர்ந்து நடந்து கொண்டுவந்து உன்ர காலடியில வைப்பம்."

எல்லாரும் ஆமென் என்றோம். நானும் சொன்னேன். அப்போது எனக்குக் கலியாணமே ஆகியிருக்கவில்லை, யாருடைய பிள்ளைக்கோ ஆமென் சொன்னதாக நினைத்தேன்.

மாதா கேட்டுவிட்டா. ஊருக்குத் திரும்பினோம். கண்ணிவெடி எடுத்த இடங்களில் தகரமும் தறப்பாளும் போட்டு வீடு என்று பெயர் வைத்தோம். கோவிலுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. அந்த வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. எனக்கு முப்பத்தெட்டு. அவருக்கு என்னைவிடக் கூட. கடலுக்குப் போகிறவர். படிச்ச பொம்பிளை கடற்காரனைக் கட்டிவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேருடைய நல்ல காலத்தையும் சண்டை தின்றுவிட்டிருந்தது. மிஞ்சினதை நாங்கள் பங்குபோட்டுக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு நான்தான் ஊரில் முதலில் வயிற்றோடு நின்றேன். அதோடு என் வயிறு ஊர்ச் சொத்தாகிவிட்டது. வள்ளம் கரைக்கு வந்தால் நல்ல விளைமீன் முதலில் என் குசினிக்கு வரும். "நேர்த்திப் பிள்ளைக்கு" என்று வைத்துவிட்டுப் போவார்கள். தண்ணீர்க் குடம் தூக்கினால் யாராவது ஓடிவந்து பறிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள்கூட, "ரீச்சர், மடுவுக்கு எப்ப போறம்?" என்று கேட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கையை இடுப்பில் வைத்து, ராணி மாதிரித்தான் நடந்தேன்.

அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று, பஸ் மன்னார்ப் பாலத்தைத் தாண்டும்போது, காற்று என்று சொல்லி மகளுடைய முகத்தைத் துவாயால் மூடினேன். பார்க்க வந்த பெண்கள் சீனியும் சவுக்காரமும் கொண்டுவந்தார்கள். மூடியிருந்த துவாயை விலக்கிப் பார்த்தார்கள். பார்த்ததும் எல்லாருக்கும் வீட்டில் வேலை ஞாபகம் வந்தது. "கண் கொஞ்சம் சின்னன். பால் குடிக்கக் குடிக்கச் சரியாகிவிடும்" என்றாள் ஒருத்தி. நல்ல மனுசி அவள். அவளைக் கண்ணெடுத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை. மீன் வருவது நிற்கவில்லை, ஆனால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

என் கணவருக்குத்தான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். மகளுடைய இரத்தம் கொழும்புக்குப் போய், நிறமூர்த்தப் படம் வந்திருந்தது. சோடி சோடியாக அடுக்கியிருந்த சின்னக் கறுப்புக் கோடுகளில், ஓரிடத்தில் மட்டும் மூன்று. அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து, எங்கள் மகளாக மாறிய அந்த முட்டை எங்கே எப்போது தொடங்கியது என்று சொன்னேன். ஒரு பெண்ணின் முட்டைக் கலங்கள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் கிடக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. அப்போதே சோடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பிரியத் தயாராகி, பிரியாமல் பாதியில் நின்றுவிடுகின்றன. அந்தப் பெண் பிறந்து, வளர்ந்து, அந்த முட்டைக்கு முறை வரும்வரை அப்படியே நிற்கும். என்னில் அது முப்பத்தெட்டு வருடம் நின்றது. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், பங்கர், முகாம் எல்லாவற்றிலும் நின்றது. காத்திருந்து காத்திருந்து பிடி தளர்ந்துபோகும். கடைசியில் இழுக்கிற நேரம் வந்தால், இரண்டும் ஒரே பக்கம் போய்விடலாம். வயது கூடக் கூட அதற்கு வாய்ப்பும் கூடும்.

"கனநாள் உப்புத் தண்ணீயில கிடந்த கயிறு. இழுக்கேக்க என்ன செய்யுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். கொஞ்ச நேரம் ஊசியை ஓட்டினார். பிறகு, "இஞ்சேரும், கூடத்தானே இருக்கு. குறையேல்லையே?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்க, நூலை ஒழுங்காகப் பிடியுங்கோ என்று அவரைப் பேசினேன்.

மகள் பிறந்து சில கிழமைகளில் ஊரில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. தாய்க்கு இருபத்தொரு வயதும் இருக்காது. பஸ் வராததால் மருத்துவமாதுவைக் கூட்டிவந்து வீட்டிலேயே பெற்றாள். கொழுகொழுவென்று ஆண்பிள்ளை. ஊர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இரண்டு நாள் கழித்துச் சம்மாட்டியாரும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கதிரை போட்டேன், பிளேன்ரீ கொடுத்தேன். கடல் இரைச்சலைப் பற்றிக் கதைத்தார்கள், மழையைப் பற்றிக் கதைத்தார்கள். வந்த விசயம் கோப்பை காலியாகும்வரை வரவில்லை.

"ரீச்சர், அந்த நேர்த்தி விசயம்" என்றார் சம்மாட்டியார் கடைசியில். "நாங்கள் நேர்ந்த நேரம் எங்கட மண்ணில பிறக்கிற பிள்ளை எண்டுதானே சொன்னனாங்கள். உங்கட பிள்ளை மன்னார் ஆஸ்பத்திரியிலயெல்லோ பிறந்தது. அந்தப் பொடியன் இஞ்சயே பிறந்திட்டான். பச்சை உடம்போட உங்களை அவ்வளவு தூரம் அலைக்கிறதும் பாவம். அதுதான் யோசிச்சனாங்கள்."

அவமானப்படுத்த வந்தவரை வாசலோடு அனுப்பிவிடலாம். நம் முகம் வாடிவிடக் கூடாதென்று சொல்லுக்குச் சொல் பார்த்துப் பேசுகிறவரை என்ன செய்வது? எத்தனை பேர் கூடியிருந்து, எத்தனை நேரம் யோசித்து, இந்த மண் கதையைக் கண்டுபிடித்திருப்பார்கள்! என் கணவர் எழும்பி வெளியே போனார். நான், "ஓம், அதுதான் சரி" என்றேன். சொன்னதும் உடம்பு லேசானது. ஊருக்கு முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தேவையில்லை. பெற்ற பிள்ளையை மறைக்க இடம் கிடைத்ததென்று ஒரு தாய் சந்தோஷப்பட்டால் அவளை என்னவென்று சொல்வது?

குசினிக்குள்ளிருந்து என் அம்மா அகப்பையோடு வந்தார். எழுபத்தாறு வயது; அக்காவுக்குக் கனகாலம் பிந்தி அவர் பெற்ற கடைக்குட்டி நான். மகள் பிறந்த நாள் முதல் அவளைக் குளிப்பாட்டுவது, எண்ணெய் பூசுவது, மடியில் போட்டுத் தாலாட்டுவது எல்லாம் அவர்தான். அம்மாவுக்கு மட்டும் அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரிந்ததைச் சட்டை செய்யவில்லை.

"மண்ணைக் குடு எண்டோ மாதா கேட்டவ? பிள்ளையைத் தாறமெண்டு நேர்ந்தது நீங்கள். பிள்ளை இந்தா கிடக்கு" என்றார். "ஒண்டை ஒளிச்சுப்போட்டு மற்றதைக் குடுக்க இதென்ன சங்கக் கடை அரிசியோ?"

விசயம் சுவாமியாரிடம் போனது. ஞாயிறு பூசை முடிய ஊர் கூடிக் கதைக்கட்டும் என்றார் அவர்.

கூரையில்லாத கோவிலில் வெயில் நேரே தலையில் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அன்றைக்கு நன்றாகவே கண்டேன். "செல்லடிச்ச புகையைக் குடிச்சதாலதான் இப்பிடி" என்றார் ஒருவர். "இது மாதா காட்டுற அடையாளம். ஆரோ செய்த பாவம்" என்றாள் ஒரு மனுசி. ஆர் என்று கேட்காமல் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அம்மா முன் வரிசையில் என் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர் சொல்லட்டும்" என்றார் சுவாமியார்.

எழும்பினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பழக்கத்தில், வாசலில் கிடந்த செருப்புகளை அள்ளிக்கொண்டு வந்து நடுவில் போட்டேன்.

"இதென்ன கூத்து? மனிசற்ற உயிரைச் செருப்பாலயோ காட்டுறாய்?" என்று பின்னால் ஒருவர் கத்தினார். அவருடைய செருப்புத்தான் மேலே கிடந்தது. கொஞ்சப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ரீச்சர்க் குரல் வந்துவிட்டது.

சோடி சேர்த்துக் காட்டினேன். பிரித்துக் காட்டினேன். ஒரு சோடி பிரியாமல் ஒரே பக்கம் போவதைக் காட்டினேன். முட்டைக் கலம் என்று சொல்லவேண்டி வந்தபோது பெண்கள் சீலைத் தலைப்பை வாயில் வைத்தார்கள். பெடியள் நிலத்தைப் பார்த்தார்கள். பெரிய வகுப்பில் நான் படிப்பித்த பெடியள் அவர்கள். என் உடம்பின் உள்விசயத்தை, சம்மாட்டியாருக்கு முன்னால், பீடத்துக்கு முன்னால், நானே வெளியில் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். எப்படியாவது முடித்துவிட்டுக் குந்திவிட வேண்டும் போலிருந்தது.

"இது செல்லாலயும் இல்லை, ஆற்ற பாவத்தாலயும் இல்லை" என்றேன். "இந்த முட்டை தொடங்கினது நான் பிறக்க முந்தி. நான் என்ர அம்மாவின்ர வயித்தில கிடக்கேக்கயே அது உண்டாகி, சோடிகள் பிடிச்சபடி பாதியில நிண்டிட்டுது."

"அப்ப, சண்டைக்கு முந்தியோ?" என்று சம்மாட்டியார் கேட்டார்.

"சண்டைக்குக் கனகாலம் முந்தி."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. தங்கள் மேல் ஒன்றுமில்லை என்ற பெருமூச்சு. பாடத்தில் இன்னும் பாதி இருந்தது. அப்படி நிற்பது எல்லாப் பெண்களுக்கும் பொது, அதில் ஒரு பிழையும் இல்லை, பிழைத்தது கடைசியில், என் வயதால் என்று சொல்லியிருக்க வேண்டும். கணவருக்குச் சொன்னேன்தானே. ஆனால் ஊருக்கு முன்னால் என் வயதைச் சொல்ல, கிழவியாகிக் கலியாணம் கட்டினவள் என்று அந்த இருபத்தொரு வயதுக்காரி கேட்க, எனக்கு வாய் வரவில்லை. அதோடு நிறுத்திவிட்டு, செருப்புகளைக் கூட்டி அள்ளத் தொடங்கினேன்.

"அப்ப, என்ர வயித்திலயோ தொடங்கினது?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா. தொடக்கம் அங்கதான்" என்றேன். புத்தகத்தின்படி சரியான விடை.

அம்மா என் மகளைப் பக்கத்திலிருந்த பெண்ணின் மடிக்கு மாற்றினார். சம்மாட்டியார் எழும்பி, "பிள்ளையில பிழையில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான். ரீச்சரின்ர பிள்ளையைத்தான் கொண்டுபோறம்" என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அம்மா என் மகளைத் தூக்கவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் சுட வைப்பார், துவாய் எடுத்து வைப்பார், பிறகு விலகி நிற்பார். அழுதால் என்னைக் கூப்பிடுவார். "தூக்குங்கோவன் அம்மா" என்றால், "நான் தொடலாமோ?" என்று கேட்பார். வயது போகிறது, விசர்க்கதை கதைக்கிறா என்று எரிந்து விழுந்தேன். சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். நேர்த்திக்கு ஒருசந்தி இருக்கிறா என்று நானே எனக்கு ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் விளங்கப்படுத்துகிறவளுக்கு வீட்டுக்குள் நடந்தது விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மடுவுக்குப் புறப்பட்டோம். நடக்கக்கூடியவர்கள் வெள்ளனவே நடந்தார்கள். பெற்ற தாய்மாரும் வயதானவர்களும் உழவு இயந்திரப் பெட்டியில். காட்டு வழியின் தொடக்கத்தில் எல்லாரும் இறங்கினோம். சம்மாட்டியார் மகளை வாங்கினார். கொஞ்சத் தூரம் போய் அவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் அடுத்தவரிடம். மகள் கை மாறிக் கை மாறிப் போனாள். மண் கதை கதைத்தவர்கள், பாவக் கதை கதைத்தவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். அந்தச் செருப்புக்காரரும் தூக்கினார். அவள் யாரிடமும் அழவில்லை. ஒவ்வொரு கழுத்திலும் முகத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தாள். நான் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் போனேன். இந்த மனிதர்களுக்குப் பயந்தா இவளைத் துவாயால் மூடினேன் என்று மனம் குத்தியது.

கோவில் வளவு வாசலில் அம்மா என்னைக் கடந்து முன்னால் போனார். "பிள்ளையைத் தாங்கோ" என்று கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு, சுடுமணலில் முழங்காலில் இறங்கினார். நான் தடுத்தேன், கணவர் தடுத்தார். கேட்கவில்லை. மகளை நெஞ்சோடு அணைத்தபடி, முழங்காலிலேயே கோவில் வாசல்வரை போனார். உள்ளே பீடத்தின் படியில் சீலைத் தலைப்பை விரித்து அவளைக் கிடத்தினார். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. எல்லாரும் சம்மாட்டியார் செபம் சொல்லுவார் என்று பார்த்திருக்க, அம்மா பேசத் தொடங்கினார். குசினியிலிருந்து என்னைக் கூப்பிடுகிற அதே குரலில், ஒளிவு மறைவு இல்லாமல்.

"மாதாவே, இந்தப் பிள்ளையின்ர தாய் என்ர வயித்தில கிடக்கேக்க, நான் கலைக்கப் பாத்தனான். பப்பாசிக்காய் திண்டனான். பரியாரியிட்டை மருந்து வாங்கிக் குடிச்சனான். அது போகேல்லை, தங்கிட்டுது. அந்த நேரம்தான் உள்ளுக்க எதையோ பழுதாக்கிப்போட்டன். செய்தது நான் அம்மா. தண்டிக்கிறதெண்டால் என்னைத் தண்டி. இந்தப் பிள்ளையை விட்டிடு."

அது தங்கிவிட்டது. அந்த அது நான். முப்பத்தெட்டு வருடம் கழித்து, ஊருக்கு முன்னால் எனக்குத் தெரியவந்தது. கோபம் வரவேண்டும், வரவில்லை. கூரையில்லாத எங்கள் கோவிலில் பாதிப் பாடத்தோடு நான் செருப்பு அள்ளிக்கொண்டிருந்ததும், அம்மா மகளை மடியிலிருந்து இறக்கினதும்தான் கண்ணில் நின்றன. என் வெட்கத்தை இறக்கி வைக்க எனக்கு ஒரு இடம் தேவைப்பட்டது. அம்மாவின் தலையில் வைத்திருக்கிறேன். இத்தனை நாளாக அவர் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

பக்கத்தில் முழங்காலில் விழுந்தேன்.

"அம்மா, அதாலயில்லை! பப்பாசிக்காய்க்கும் இதுக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. எல்லாப் பொம்பிளையளின்ர முட்டையும் தாயின்ர வயித்திலதான் உண்டாகும். எல்லாருக்கும் அப்பிடித்தான் பாதியில நிக்கும். உங்கட வயித்தில எல்லாம் சரியாத்தான் நடந்தது. பிழைச்சது பிறகு, என்னில. எனக்கு வயசு போட்டுது அம்மா. முப்பத்தெட்டு வயசில கட்டினனான். அதாலதான்."

சத்தமாகத்தான் சொன்னேன். அந்த இருபத்தொரு வயதுக்காரி தன் பிள்ளையோடு பக்கத்தில்தான் நின்றாள். கேட்டிருப்பாள்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "படிச்சதோ? எனக்காகச் சொல்லுறியோ?"

"படிச்சது அம்மா. சத்தியமாப் படிச்சது."

மகள் படியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அப்ப ஏன் பிள்ளை, அண்டைக்கு இதைச் சொல்லாமல் விட்டனி?" என்று கேட்டார்.

"வெட்கத்தில, அம்மா. என்ர வயசைச் சொல்ல வெட்கத்தில."

அம்மா மகளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ வயித்தில கிடக்கேக்க உன்ர அக்காவைப் பொம்பிளை பாக்க வந்திருந்தவை" என்றார். "அவையளுக்குப் பிளேன்ரீ குடுக்க நான் வயித்தோட போய் நிண்டன். அப்ப எனக்கும் உன்ர வயசுதான். எனக்கும் வெட்கம்தான் பிள்ளை, வேற ஒண்டுமில்லை."